ஸ்டான்லி பின்னால் சாய்கிறார்

1

இந்தக் கதை என் வலது கால் கட்டைவிரலில் பிறந்தது. தேனி பேருந்து நிலையத்தில் போடி வண்டிக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மனிதர், வண்டி வந்ததும் ஏறுவதற்குப் பதிலாக ஒரு எட்டு பின்னால் வந்தார். என் காலை நன்றாக மிதித்தார். பிறகு ஒரே தாவலில் படியேறி உள்ளே போய்விட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை. ஜன்னல் சீட்டு வேறு அவருக்கே கிடைத்தது.

போடி வரும்வரை நின்றுகொண்டே யோசித்தேன். ஏறப்போகிறவர் எதற்காகப் பின்னால் வர வேண்டும்? அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு, அவருக்கு ஸ்டான்லி என்று நானே பெயர் வைத்தேன். வயது ஐம்பத்தெட்டு. தொழில், கார்ட்டூன் படம் வரைவது. அந்த ஒரு எட்டுக்கு வேறு எந்தத் தொழிலும் பொருந்தவில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் ஸ்டான்லி

(வேண்டாம். எங்கள் பள்ளத்தாக்கில் யார் பேனாவை எடுத்தாலும் மலையும் மேகமும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.)

தமிழகக் கார்ட்டூன் வரலாற்றில் போடிநாயக்கனூருக்கென்று ஒரு தனி இடம்

(இது பாராட்டுவிழா மலரில் வரும் வாக்கியம். பக்கத்திலேயே சால்வை போர்த்திய போட்டோ கேட்கும்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போடி கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்த பொன்னுராஜின் மூத்த மகன் ஸ்டான்லி. கடையில் உட்கார வைத்தால் வியாபாரம் பார்க்க மாட்டான். குடையை விரிப்பான், மடக்குவான், மறுபடி விரிப்பான். குடை எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

"ஏலே, வாங்க வந்தவுக நிக்கிறாக. நீ என்னா, குடைக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று பொன்னுராஜ் கத்துவார்.

கத்திக் கத்தி ஓய்ந்து, மகனைச் சென்னையில் ஒரு விளம்பரப்படக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். தியேட்டரில் இடைவேளையின்போது போடுவார்களே, எறும்பு மருந்து, மூக்குப்பொடி, சேமியா, அதையெல்லாம் கார்ட்டூனாக எடுக்கிற கம்பெனி. அங்கேதான் ஸ்டான்லிக்குப் பல்பொடி விளம்பரம் வந்தது. "காக்காவைப் போடுங்க. கறுப்புல வெள்ளை பளிச்சுனு தெரியும்," என்றார் பல்பொடி முதலாளி. காக்காய்க்கு ஏது பல் என்று எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். ஸ்டான்லி வைக்கவில்லை. வாய் நிறையப் பல் வைத்தார். அந்தக் காகம் சிரித்தால் முதலில் பல் வரும், அப்புறம் அலகு வரும், கடைசியாக வால் வந்து சேரும். இடைவேளை முடிந்து படம் தொடங்கினால், "காக்காவைப் போடு" என்று கம்பம் தியேட்டரில் குழந்தைகள் கூச்சல் போட்டார்கள்.*

(* பல் முளைத்த காகத்தை இணையத்தில் தேட வேண்டாம். இப்போதுதான் முளைக்க வைத்தேன்.)

கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டான்லி துக்கம் கொண்டாடவில்லை. பென்சிலை வைத்துவிட்டு அதைப் படித்துக்கொண்டார். இன்றைக்கு, தம்பி நடத்தும் அதே குடைக்கடையின் மாடியில் உட்கார்ந்து, கொச்சியில் உள்ள கம்பெனிக்குக் குழந்தைப் பாட்டுப் படங்கள் வரைகிறார். "சேட்டா, சக்கைக்குக் கொஞ்சம் நாணம் வேணும்," என்று அங்கிருந்து போன் வரும். சக்கை என்றால் அவர்களுக்குப் பலாப்பழம். இவரும் பலாப்பழத்துக்கு வெட்கம் வரவைத்துவிடுவார்.

3

இப்போது அந்த எட்டுக்கு வருகிறேன். ஸ்டான்லியின் பாணியே அதுதான்.

முன்னால் போக வேண்டிய எதுவும் முதலில் பின்னால் போக வேண்டும். பந்து எறிகிறவன் கையைப் பின்னுக்கு இழுக்கிறான். தாவுகிற தவளை முதலில் குந்துகிறது. நிஜத்தில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு நடக்கும். கார்ட்டூனில் நன்றாகத் தெரிய வேண்டும். தாவல் எவ்வளவு பெரிதோ, பின்வாங்கலும் அவ்வளவு பெரிது. "பின்னால போகாம முன்னால போனா அது ஆளு இல்ல, வெட்டி வச்ச காயித அட்டை," என்பார் ஸ்டான்லி.

வரைவதற்கு முன் ஒவ்வொரு அசைவையும் கண்ணாடி முன் நின்று நடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். முப்பது வருடத்துக்கு மேல் நடித்ததில் வழக்கம் உடம்புக்குள் இறங்கிவிட்டது. பஸ் ஏறினால் பின்னால் வருவார். டீ வாங்கினால் கை முதலில் பின்னுக்குப் போகும். போடி பேருந்து நிலையத்து டீ மாஸ்டர் கர்ணன் ஆரம்பத்தில், வேண்டாம்போல என்று கிளாஸைத் திரும்ப எடுத்துவிடுவான். இப்போது பழகிவிட்டான். கை போய்த் திரும்பி வரும்வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

(இங்கே ஸ்டான்லி குறுக்கிடுகிறார். "தம்பி, வாழ்க்கை வரலாறு போதும். என்னைய எப்பக் கதைக்குள்ள விடுவீக?" இதோ விடுகிறேன் ஐயா.)

4

அனுசுயாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கோம்பையில் நாய் வளர்க்கிற நாற்பத்தொன்பது வயதுப் பெண். நாய்க்குப் பேர்போன கோம்பை என்றதும் நாயைக் கொண்டுவருவது சோம்பேறித்தனம் இல்லையா? மாற்றிப் பார்த்தேன். திராட்சைத் தோட்டம் கொடுத்தேன், தையல் கடை கொடுத்தேன். அந்தம்மா எதிலும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். சரி, நாயே இருக்கட்டும்.

ஒரு பாட்டுக்கு நாய் ஓட வேண்டியிருந்தது. நாய் ஓடுவதைப் பார்க்க ஸ்டான்லி கோம்பைக்குப் போனார். அனுசுயா ஒரு செவலை நாயை அவிழ்த்துவிட்டார். அது நின்ற இடத்திலிருந்து அப்படியே சீறிக்கொண்டு போனது. ஸ்டான்லி ஆடிப்போனார்.

"என்னங்க இது, பின்னால வரவே இல்ல?"

"அது எதுக்குப் பின்னால வரணும்? நாய் பின்னால காலு வச்சா நம்மளைப் பிடிக்கலைன்னு அர்த்தம் சார். அதுக்குமேல நான் கிட்டக்கப் போகமாட்டேன். வம்படியாப் போறது மரியாதை இல்ல."

ஸ்டான்லிக்கு அந்தப் பேச்சு பிடித்தது. நாய் ஓடுவதை இன்னொரு தடவை பார்க்க வந்தார். அப்புறம் நாய் உட்காருவதைப் பார்க்க வந்தார். நாய் தூங்குவதைப் பார்க்கவும் வந்தபோது அனுசுயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் போடிக்கு நாய்ச் சங்கிலி வாங்க வரத் தொடங்கினார். அத்தனை சங்கிலிக்கு அவரிடம் நாய் கிடையாது.

(இருவரும் இந்த வயதுவரை ஏன் தனியாக இருந்தார்கள் என்று மூன்று பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அழுகையாக வந்தது. அவர் சர்ச்சுக்குப் போகிறவர், இவர் கோயிலுக்குப் போகிறவர் என்பதையும் பெரிதுபடுத்தப் போவதில்லை. அதை வைத்துக் கதை எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

5

போடி பேருந்து நிலையம். பகல் வெயில். அனுசுயா கோம்பை வண்டியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இப்பிடி வாரதும் போறதுமாவே இருக்கணுமா? பேசாமக் கல்யாணம் பண்ணிக்கிருவமா?"

ஸ்டான்லிக்குள் பல் முளைத்த காகங்கள் அத்தனையும் ஒன்றாகப் பறந்தன. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. சரி என்று தாவ வேண்டும். எவ்வளவு பெரிய தாவல்! அப்படியானால் பின்வாங்கல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்!

பின்னால் போனார். சோடா வண்டியைத் தாண்டிப் போனார். பெஞ்சில் படுத்திருந்தவரைத் தாண்டிப் போனார். இன்னும் போதாது என்று உடம்பு சொல்ல இன்னும் போனார். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த மூணாறு வண்டி நடுவில் வந்து நின்றது.

அனுசுயா பார்த்தது என்ன? கேட்டார்; மனிதர் பின்னால் காலை வைத்தார்; கண்ணைவிட்டே மறைந்துபோனார். நாய் வளர்க்கிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? கிட்டப் போவது மரியாதை இல்லை. முகம் சிவந்து ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

அங்கே ஸ்டான்லி முழு வேகத்தில் தாவி வந்தார். "சரி! சரி! சரி!" என்று இரு கையாலும் கட்டிப்பிடித்தார். கிடைத்தது மூணாறு வண்டியின் கண்டக்டர்.

"யோவ், என்னத்துக்குய்யா சரிங்குற?" என்றார் கண்டக்டர்.

6

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். போன் செய்யலாமே என்பீர்கள். செய்தார். கோபம் வந்தால் அனுசுயா போனை எடுக்க மாட்டார். அது என் கையில் இல்லை.

முடிவு ஒன்று: ஸ்டான்லி மாடிக்குத் திரும்புகிறார். அதன்பின் அவர் வரைந்த பலாப்பழங்கள் எதுவும் சிரிக்க

(சீ. பலாப்பழத்தை வைத்து உங்களை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: நடந்ததை ஒரு குட்டிக் கார்ட்டூனாக வரைந்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். அனுசுயா பார்க்கிறார். சிரிக்கிறார். கண்ணீர் துளிர்க்

(எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. ஸ்டான்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. "வரையுறதுக்கு ஒரு வாரம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் அந்தம்மா மனசு என்ன பாடுபடும்?" என்றார். நியாயம்தான்.)

முடிவு மூன்று: கர்ணன் டீ பாய்லரை அப்படியே விட்டுவிட்டு மொபெட்டை எடுத்தான். "ஏறுங்கண்ணே!"

ஸ்டான்லி ஒரு எட்டு பின்னால் போய், அப்புறம் ஏறினார்.

கோம்பை வண்டியைத் துரத்துவது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. கை காட்டின இடத்திலெல்லாம் நிற்கும். ஆனால் மெதுவாகப் போவதில் கர்ணனின் மொபெட்டும் லேசுப்பட்டது இல்லை. வண்டி சிலமலையில் நிற்கும். இவர்கள் வந்து தொடுகிற நேரம் கிளம்பும். ராசிங்காபுரத்தில் நிற்கும், கை எட்டுகிற தூரத்தில் கிளம்பும். ஸ்டான்லி இப்படி எத்தனை துரத்தல்களை வரைந்திருக்கிறார்! துரத்துகிறவனுக்கு நெஞ்சு இப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இந்த வண்டி கோம்பைக்குப் போய்விட்டால் அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியை இனி யாரும் கேட்கப்போவதில்லை.

தேவாரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ("இந்தக் கடை டீயையா?" என்றான் கர்ணன், அந்த நேரத்திலும்.)

7

மொபெட் வந்து நிற்பதைப் பார்த்து அனுசுயா இறங்கி வந்தார். வண்டியின் எல்லா ஜன்னலிலும் தலைகள்.

"என்ன?"

"நான் பின்னால போனது போறதுக்கு இல்ல அனுசுயா. வாரதுக்கு."

"வாரவுக நேரா வரவேண்டியதுதான?"

"முயற்சி பண்றேன்," என்றார் ஸ்டான்லி. செய்தார். கால் எழவில்லை. உதட்டில் 'சரி' இருந்தது. அப்படியே சொன்னால் அது அட்டை சொன்னது மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. மற்றதற்கெல்லாம் அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கேள்விக்கு அட்டையாகப் பதில் சொல்ல அவருக்கு மனமில்லை. பின்னால் போனாலோ, அனுசுயா போய்விடுவார். நடுரோட்டில், அழுகிற முகத்தோடு, அசையாமல் நின்றார்.

அனுசுயா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சங்கிலிப் பையைக் கர்ணனிடம் கொடுத்தார்.

"நாய்க்கு ஒரு அர்த்தம்னா உங்களுக்கு வேற அர்த்தம்போல. போங்க. எம்புட்டு தூரம் போகணுமோ அம்புட்டும் போங்க. நான் இங்கனயே நிக்கிறேன்."

"வண்டி கெளம்பிரும்."

"கெளம்பட்டும்."

ஸ்டான்லி பின்னால் போனார். டீக்கடையைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, ரோட்டு வளைவுவரை போனார். இந்தத் தடவை சந்தோஷம் முந்தினதைவிடப் பெரிது. டிரைவர் ஹாரன் அடித்தார், அடித்தார், கடைசியில் வண்டியை எடுத்துவிட்டார். அனுசுயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே வளைவில் ஸ்டான்லி, குதிகாலை ஊன்றி, கை இரண்டையும் பின்னுக்கு இழுத்து, உடம்பை வில்லாக வளைத்துச் சாய்ந்திருக்கிறார்.

நான் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அவர் வருகிற வேகத்துக்கு என் வாக்கியம் தாங்காது. அவரை முன்னால் கொண்டுவர வேண்டியது நீங்கள். எப்படி வருகிறார், எதை எதைத் தட்டிவிட்டு வருகிறார், வந்து என்ன சொல்கிறார் எல்லாம் உங்கள் பாடு. அவசரப்பட வேண்டாம். அனுசுயா நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.