பதில் வராத பலாமரம்

"ஏழு வருசமா ஆளே எட்டிப் பாக்காத எடம்ங்க்கா. பூட்டிப்போடலாம்ங்கறேன், நீங்க வேண்டாம்ங்கறீங்க."

"ஆளு வரலேன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா தம்பி? நான் ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். அவ வந்து நிக்கறப்ப பூட்டுத் தொங்கோணுமா?"

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில், அடுத்த மேசைக்காரர் டீயைக் குடிக்காமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்காமல் திரும்பினார். "ஏனுங்க, ஊடு எந்தப் பக்கம்ங்க? வாடகைக்கு வருமுங்களா?"

ஆறுச்சாமி சிரித்துவிட்டார். சித்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊடில்லீங்க. இது போனுக்குள்ள இருக்கற சமாச்சாரம்."

'மரஞ்செடி மன்றம்' என்கிற இணையதளத்தின் பழைய திரிகளைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் அதற்குக் கீழேயே பதில் எழுதுவார்கள். அந்த மொத்தமும் ஒரு திரி. எந்தத் திரியில் யார் புதிதாக எழுதினாலும் அது பட்டியலில் முதலாவதாக வந்து நிற்கும். ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் ஆறுச்சாமி ஆரம்பித்த மன்றம் அது. உக்கடத்தில் தையல் வகுப்பு நடத்தும் சித்திகா, மொட்டைமாடிக் கொய்யாவுக்கு மருந்து கேட்கப் போய், அப்படியே நிர்வாகியாகிப் பத்து வருடமாகிறது. ஞாயிறுதோறும் இதே பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக இருவரும் மன்றத்து வேலைகளைப் பேசி முடிப்பார்கள்.

ஆறுச்சாமியின் கோபத்தில் நியாயம் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லாமல் எழுந்து போக வராது. எட்டு வருடத்துப் பழைய திரியைத் தேடிப் படித்துவிட்டு, "நன்றிங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போவார்கள். உடனே அது மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் கொடுமுடியிலிருந்து ஒருவர், ஆறு எலுமிச்சைக் கன்று வாடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பதினோரு "நன்றிங்க"வுக்கு அடியில் அந்தக் கேள்வி போய்விட்டது. யாராவது பார்ப்பதற்குள் ஆறு கன்றும் கருகிவிட்டன.

"ரெண்டு வருசம் யாரும் எழுதலீன்னா பூட்டு. படிக்கலாம், எழுத முடியாது. அவ்வளவுதான். இதுல என்னங்க்கா தப்பு?"

"அது கீரைக்குப் போடற சட்டம் தம்பி. வெதை போட்ட பலா காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும். காய்ச்சதை அவங்க வந்து எங்க சொல்லுவாங்க, உங்க ஃபிளக்ஸ் கடையிலயா?"

"உங்க செவ்வந்தி ஊட்டு மரம் காய்ச்சிருந்தா இந்நேரம் நாலு தரம் நன்றி சொல்லியிருப்பாங்க. வெட்டியிருப்பாங்கக்கா. விடுங்க."

சித்திகா கையில் எடுத்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

செவ்வந்தி பெருந்துறைக்காரி. சித்திகா அவளை நேரில் பார்த்ததே இல்லை. 2018இல் அவள் எழுதிய கேள்வி மட்டும் மனப்பாடம்: "ஊட்டுக்கு முன்னால நிக்கற பலா அஞ்சு வருசமாகியும் காய்க்கலீங்க. ஊட்டுக்காரரு கார் வாங்கிட்டாரு. மரத்தை வெட்டிப்போட்டு ஷெட் போடோணும்ங்கறாரு. நான் வெதை போட்டு வளத்துனதுங்க. என்ன பண்றதுங்க?"

சித்திகா எழுதிய பதிலும் மறக்கவில்லை: "வெட்டாதீங்க கண்ணு. ரெண்டு வருசத்துல கண்டிப்பாக் காய்க்கும். நான் பொறுப்பு."

அதற்கப்புறம் அந்தத் திரியில் ஒரு எழுத்துகூட இல்லை. வருடா வருடம் உக்கடத்தில் பலாப்பழ வண்டிகள் வந்து நிற்கும்போதெல்லாம் சித்திகாவுக்கு அவள் நினைப்பு வரும். முகம் தெரியாத ஒருத்தியை, தன் பேச்சை நம்ப வைத்துப் புருஷனோடு மல்லுக்கு நிற்க வைத்தோமே, அதற்காக அவள் எத்தனை பேச்சு வாங்கினாளோ என்று இருக்கும். மரம் இருக்கிறதா இல்லையா, அது தெரிந்தால் போதும்.

"ஒரு வாரம் குடுங்க" என்றாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும்ங்க்கா. அப்புறம் என்னைக் கேக்கப்படாது."

திங்கட்கிழமையிலிருந்து, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், தையல் மெஷின் மேலேயே போனை வைத்துக்கொண்டு பழைய திரிகளைப் படித்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. புதன்கிழமை வாக்கில் ஒன்று கண்ணில் பட்டது. மரம் காய்த்தவர்கள், செடி பிழைத்தவர்கள் எல்லோரும் எத்தனை வருடம் கழித்தாவது வந்து சொல்லியிருந்தார்கள். கேள்வி கேட்டு, பதில் வாங்கி, பிறகு வராமலே போனவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அந்த முப்பத்தெட்டிலும், "மரம் எப்படிங்க இருக்குது?" என்று எழுதினாள். எழுதினால் கேள்வி கேட்டவருக்கு ஒரு மெயில் போகும். அதைப் பார்த்தாவது வரட்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுதுவிட்டு வந்து போனை எடுத்தால், செவ்வந்தி.

"அக்கா, நல்லாருக்கீங்ளா? மெயில் வந்ததை எம் பொண்ணு யுவஸ்ரீதான் காட்டுனா. மரத்தை வெட்டலீங்க. ஆனா இன்னும் ஒரு பிஞ்சுகூடப் புடிக்கலீங்க. பன்னெண்டு வருசமாச்சு. வெயிலு நல்லா உழுகுது, சமையக்கட்டுத் தண்ணியும் அங்கதான் பாயுது. எல எலயாத்தான் வருது. நீங்க பொறுப்புன்னு எழுதியிருந்தீங்க. காய்க்கலீன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னுதானுங்க நான் வரலை. அஞ்சாறு தடவை எழுதி எழுதி அழிச்சுப்போட்டேன். ரோசம் வந்து காய்க்கும்னு மாமியாரு பழைய செருப்பும் சீமாறும் மரத்துல கட்டுனாங்க. எனக்கு மனசு கேக்காம அவுத்து வீசிட்டேன். அவரு காரை இப்ப அந்த நெழல்லதான் நிறுத்தறாரு. ஷெட்டுப் பேச்சே எடுக்கறதில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க்கா."

சித்திகா அதை இரண்டு முறை படித்தாள். இந்த ஏழு வருடமும், செவ்வந்தி தன்மேல் கோபத்தில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். அங்கே ஒருத்தி, இவள் மனசு நோகக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். கண் கலங்கியது. வகுப்புக்கு வந்த பெண் ஒருத்தி, "என்னங்க மிஸ்?" என்று கேட்டதற்கு, "மரம் இருக்குதாம் கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமைக்குள் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் சொன்னது ஒரே மாதிரிதான். நீங்கள் சொன்ன மருந்தைப் போட்டோம், செடி பட்டுப்போனது, சொல்லச் சங்கடமாக இருந்தது. அதே மருந்தைச் சித்திகா அப்புறமும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தாள். யாரும் குறை சொல்லவில்லை என்ற தைரியத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் போனை ஆறுச்சாமியிடம் நீட்டினாள். அவர் படித்து முடிப்பதற்குள் டீயில் ஆடை கட்டிவிட்டது.

"நாம மாத்திப் பூட்டப் போனோம்ங்க்கா" என்றார். "நன்றி சொன்னதெல்லாம் முடிஞ்ச கதை. அதைப் பூட்டிப்போடலாம், மேல ஏறி வந்து தொந்தரவும் பண்ணாது. இந்த முப்பத்தெட்டுதான் தொறந்து கெடக்கோணும்."

"கொடுமுடிக்காரருக்கும் எடம் கெடைக்கும்."

"அதைத்தானுங்க நானும் மொதல்லிருந்து சொல்றேன்."

"நீங்க எங்க சொன்னீங்க? எல்லாத்தையும் பூட்டறேன்னு சாவியத் தூக்கிட்டு நின்னீங்க."

அடுத்த மேசைக்காரர் அன்றும் வந்திருந்தார். "ஊடு பூட்டியாச்சுங்களா?"

"பாதி பூட்டியாச்சுங்க" என்றாள் சித்திகா.

அங்கேயே உட்கார்ந்து செவ்வந்திக்கு எழுதினாள்: "ஏன் காய்க்கலேன்னு எனக்குத் தெரியலீங்க கண்ணு. தெரியாமயே பொறுப்புன்னு எழுதிப்போட்டேன். தப்பு என்மேலதான்." தெரியவில்லை என்று அவள் மன்றத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு, உள்ளே வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி மன்றத்தின் உச்சியில் இதை ஒட்டினாள்:

"பெருந்துறையில ஒரு பலாமரம். வெதை போட்டு வளத்துனது, பன்னெண்டு வருசமாச்சு, இன்னும் காய்க்கலீங்க. வெவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. அப்புறம் இன்னொண்ணு. நாங்க சொன்னதைக் கேட்டு உங்க ஊட்டுல ஏதாச்சும் காய்க்காம நின்னிருந்தாலும், பட்டே போயிருந்தாலும், எங்க மனசு சங்கடப்படும்னு இருந்துக்காதீங்க. நன்றி சொல்ல வேண்டாம்ங்க. என்ன ஆச்சுன்னு மட்டும் கீழ எழுதுங்க."