சூர்யகலா பிணைத்த இங்கிலீஷ்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆரணியில் பாவு பிணைக்கிற சூர்யகலா டெல்லிக்குப் போக ஒற்றைக் காலில் நின்ற கதை இருக்கிறது, சொல்கிறேன்.

பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதுதான் அவள் வேலை. நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரல் வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் சாம்பல்.

டெல்லிக் கண்காட்சியில் வெளிநாட்டுக்காரர்களிடம் சேலையைப் பற்றிப் பேச நெசவாளர் சங்கம் ஒரு பெண்ணை அனுப்பும். போன வருஷத் தேர்வில், ‘போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு “கேட்ச் போட்டோ” என்று சொல்லித் தோற்று வந்தாள். இந்த வருஷம் விடுவதாக இல்லை. வார்த்தையைத் தனியாகப் படிப்பதை நிறுத்தி, சேர்ந்து வருகிற வார்த்தைகளை ஓர் இழைக்கு ஒரு ஜோடி என்று முணுமுணுத்தபடியே பிணைத்தாள்.

எதிரில் உட்கார்ந்து பிணைக்கும் தனகோடி சிரித்தாள். “இன்னாடி, பாவுக்கு மந்திரிக்கிறியா?”

“இங்கிலீஸ்க்கா. டேக் எ போட்டோன்னா போட்டோ புடிக்கிறது. டேக் எ பஸ்னா பஸ்ல போறது. டேக் ரெஸ்ட்னா படுத்துக்கிறது.”

“ஒரு டேக்குக்கு இத்தினி ஜோடியா? பொண்ணு தேடிகினே இருக்கிற நம்ம துரை மாமன் கூட இத்தினி பொண்ணு பாக்கலியேடி!”

“நீ சிரிச்சிகினே இரு. நான் போய்க் காட்டறேன்.”

வியாழக்கிழமை சங்கத்து மாடியில் தேர்வு. வேலூரிலிருந்து வந்த ராதிகா மேடம், ஒரு சேலை நெய்ய எத்தனை நாள் ஆகும் என்று இங்கிலீஷில் கேட்டார். சூர்யகலா மரியாதையாகக் கைகளை மடியில் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று மாதம் படித்ததெல்லாம் எங்கே போயிற்று?

“டேக் யுவர் டைம்,” என்றார் மேடம்.

அதுவும் அவள் படித்ததுதான். விரல் துறுதுறுத்தது. சட்டென்று முந்தானைக் குஞ்சத்தில் இரண்டு இழையைப் பிரித்து முறுக்கினாள்.

“இட் டேக்ஸ் ட்வெல்வ் டேஸ், மேடம்.”

அடுத்த இழை. “ப்ளீஸ் டேக் எ லுக்.” அடுத்தது. “யூ கேன் டேக் எ போட்டோ.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, கை சும்மா இருந்தா பேச வராதா?”

“வராதுங்க மேடம். இழை இழையா படிச்சதுங்க. டெல்லிக்கும் இந்தக் கையோடதாங்க வருவேன்.”

“அங்க ஸ்டால்லயே ஒரு பாவு போட்டுக் குடுத்தா?”

“பொழுதுக்கும் பேசுவேங்க!”

மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பட்டியலில் முதல் பெயராகச் சூர்யகலாவை எழுதினார். அடுத்த மாதம் டெல்லி ரயிலில் அவளோடு ஒரு பாவுச் சுருளும் அதை இழுத்துக் கட்டச் சின்னச் சட்டமும் ஏறின.

கதை கேட்ட உங்கள் வீட்டில் அடுப்பு ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும். வாசல் தாண்டிப் போகிறவர்கள் போன காரியத்தை முடித்துக்கொண்டு சிரித்த முகமாக வீடு திரும்பட்டும். நன்றாக இருங்கள், என் செல்வங்களே.