பதினாலா, பதினாறா

அளவு விஷயத்தில் பல்செட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பல் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் பொய்ப்பல் செய்து கொடுப்பவர் அவர்தான். ஒரு மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவர் மெல்ல முடியாமல் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார். அதனால் மேஜை டிராயரில் மூன்று வித அளவுகோல்கள் வைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவர்தான் ஐந்து நாட்களாக ஒரு கருப்பு உலோக உருப்படியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முழி முழியென்று முழித்துக்கொண்டிருந்தார்.

அது அவர் மனைவியின் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர். அந்த வண்டியின் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது, எல்லாம் எண்ணெய் அழுத்தம். லீவரை இழுத்தால் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். மிச்சத்தை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். போன திங்கட்கிழமை எண்ணெய் கசிந்து லீவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்த மாதிரிகளை வாங்கிக்கொண்டு லேபில் சேர்ப்பது அவள் வேலை. லேப் மேலாளர் ஒரு வாரம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். வரும் திங்கள் காலை ஏழு மணிக்கு அவள் வண்டியோடு வந்து நிற்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

புதுச் சிலிண்டர் வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்றுதான் அவரும் நினைத்தார். தீரவில்லை. பழைய சிலிண்டரின் அடியில் பதினாலு என்று பொறித்திருந்தது. பிஸ்டனின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். வண்டியோடு வந்த புத்தகத்திலோ பதினாறு என்று போட்டிருந்தது. அவர் அளந்து பார்த்தார். சந்தேகமே இல்லாமல் பதினாலு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அதிலும் சந்தேகமில்லை.

மெக்கானிக்கிடம் போனார். போன வருஷம் தெருமுனையில் கடை போட்ட புது ஆள். "கழட்டினது எதுவோ அதையே வாங்கிட்டு வாங்க. இத்தனை நாள் ஓடின வண்டிதானே?" என்றார் அவர்.

உதிரி பாகக் கடைக்காரர் தலையை ஆட்டினார். "இந்த வண்டிக்குப் பதினாறுதாங்க. பதினாலு வேற வண்டியோடது. நடுவுல யாரோ மாத்திப் போட்டிருக்காங்க."

மச்சினனுக்குப் போன் செய்தார். எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "பெருசாவே போடுங்க மாமா. பெருசுன்னா நிறைய எண்ணெய் தள்ளும், லேசா இழுக்கும்."

இது நியாயமாகப் பட்டது. ஆனால் கடைக்காரரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "தலைகீழா சொல்லியிருக்காரு. பிஸ்டன் பெருசானா கைக்குக் கனம். சின்னதுன்னா லேசு, ஆனா லீவர் இன்னும் கொஞ்சம் தூரம் உள்ள வரும்."

பெரிசு கனமா, சின்னது லேசா? வீட்டுக்கு வந்து ஒரு தடித்த ஊசிக்குழாயையும் ஒரு மெல்லிய ஊசிக்குழாயையும் ஒரே குழாயால் மாறி மாறி மூன்றாவது ஒன்றோடு இணைத்து, தண்ணீர் நிரப்பி, அழுத்திப் பார்த்தார். சட்டையெல்லாம் நனைந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் எதை வாங்குவது என்ற கேள்வி மட்டும் நகரவே இல்லை. யாரோ மாற்றியிருந்தால், தப்பாக மாற்றினார்களா, சரியாக மாற்றினார்களா? தப்பென்றால் இத்தனை நாள் வண்டி எப்படி ஓடியது? சரியென்றால் புத்தகம் எழுதியவன் முட்டாளா? மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியாக மனைவியிடமும் கேட்டார். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எது வேணும், பதினாலா பதினாறா?"

"நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பழசு மாதிரியே லேசா இருந்தா போதும்." சொல்லிவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

லேசு என்பது ஓர் அளவா? எந்த அளவுகோலில் அந்தக் கோடு இருக்கிறது? மனசுக்குள் அலுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிவெடுத்தார். அச்சில் இருப்பதை நம்புவது. பதினாறு. கடைக்காரரிடம் புத்தகத்தை விரித்துக் காட்டி, இதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல வாங்கி வந்தார்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் அதை மாட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றையெல்லாம் வெளியேற்றிக் கொடுத்தார். அவள் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கெட்டியா இருக்கு. பழகிடும். இன்னொரு ரவுண்டு போயிட்டு வரேன்."

அவர் மாடிக்குப் போய் வேலையறை ஜன்னலருகே நின்றார். அங்கிருந்து பார்த்தால் நாற்சந்தி தெரியும். சிகப்பு விழுந்தது. அவள் வந்து நின்றாள். அப்போது அவளுடைய வலது கை ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, வண்டிக்குக் குறுக்கே நீண்டு, இடது கையின் மேல் விழுந்து, இரண்டு கையுமாகக் கிளட்ச் லீவரைப் பிடித்துக்கொண்டது. பச்சை விழுந்ததும் வலது கை அதனிடத்துக்கு ஓடியது. வண்டி துள்ளி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பதினாறு கனமென்று தெரியும், ஆனால் இரண்டு கை போட்டு இழுக்கிற அளவுக்கா? மாட்டியதும் அவரே இழுத்துப் பார்த்தாரே. கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

அவள் படியேறி வந்தபோது இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"கைய காட்டு."

"ஒண்ணுமில்லங்க."

வாதாடிப் பார்க்க அவருக்கு வராது. தெரிந்த வேலையைச் செய்தார். பல்செட்டுக்கு வைத்திருந்த ரோஸ் நிற மெழுகுத் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒரு பேனாவைச் சுற்றி உருட்டி அவளிடம் நீட்டினார்.

"கிளட்ச் பிடிக்கிற மாதிரி பிடி. முழு பலத்தோட அழுத்து."

அவள் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். திருப்பிக் கொடுத்தபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெழுகில் குழியாக இறங்கியிருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் ஏதோ தொட்ட அடையாளம் தெரிந்தது.

"எப்போலேருந்து?"

"கை உடைஞ்சதுலேருந்து."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வண்டியிலிருந்து விழுந்து கட்டுப் போட்டிருந்தாள். இனி வண்டியைத் தொடாதே, விற்றுவிடலாம் என்று அவர் அப்போது ஒற்றைக் காலில் நின்றார். கட்டுப் பிரித்த மறுவாரம் அவள் ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்து, பாருங்க சரியாயிடுச்சு என்றாள். எந்தக் கையால் தூக்கினாள் என்று அவர் பார்க்கவில்லை.

"அப்போ அந்தச் சிலிண்டர்?"

"நான்தான் மாத்தினேன். முன்ன இருந்த மெக்கானிக்தான் யோசனை சொன்னார். ரெண்டு விரலாலயே இழுத்துடலாம்னார். இழுத்தேன். மூணு வருஷத்துல ஒரு நாள் லேட்டா போனதில்ல, ஒரு குப்பி உடைஞ்சதில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வண்டிய வித்திருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். விற்றிருப்பார். அப்போதே ஓர் ஆளிடம் பேசியும் வைத்திருந்தார்.

"அஞ்சு நாளா ஆளாளுக்குக் கேட்டீங்க," என்றாள் அவள், கோபமில்லாமல். "என்னையும் கேட்டீங்க. லேசா இருந்தா போதும்னு சொன்னேன்."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயின் அச்சு எடுக்காமல் ஒரு பல்லைக்கூட இதுவரை செய்ததில்லை அவர். புத்தகத்தைப் பார்த்துப் பல்செட் செய்கிறவன் என்று எவனாவது வந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அந்த மெழுகைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயமாகவும் இருந்தது. விழுந்துவிடுவாளோ என்ற பழைய பயம்தான். ஆனால் மூன்று வருஷமாக அந்தக் கையைத் தன்னிடமிருந்து மறைத்துக்கொண்டு அவள் தினமும் வாசல் தாண்டியிருக்கிறாள் என்பது அதைவிட வலித்தது.

"மத்தியானம் மெக்கானிக்க இருக்கச் சொல்லு," என்றார்.

மெழுகு நசுங்காமலிருக்க அதைப் பல்செட் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு கடைக்குப் போனார். பதினாலு வேண்டும் என்றதும் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நேத்து புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, பதினாறுதான்னு நின்னீங்க. இன்னிக்கு எந்தப் புத்தகத்துல பாத்தீங்க?"

அவர் டப்பாவைத் திறந்து கவுண்டரில் வைத்தார். எத்தனையோ உடைந்த பாகங்களைப் பார்த்தவர் கடைக்காரர். இதைக் கையில் எடுத்து, குழாய் விளக்கடியில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்ன சார் இது, ரெண்டு விரல்தான் பதிஞ்சிருக்கு?"

"ஓட்டறவங்க கை," என்றார் பல்செட்டுக்காரர். "அந்த ரெண்டு விரலுக்கு ஒரு சிலிண்டர் குடுங்க."