தகடு கட்டாத பொறி

கொட்டகையில் உட்கார்ந்து பொறிக்காரர் தம் பெயர் எழுதிய தகரத் தகடுகளைப் பொறிகளில் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை காப்பு நிலம். கரையைக் குடைகிற பெருச்சாளிகளைப் பிடிக்க மட்டும் அவருக்கு அனுமதி உண்டு. பொறிக்குப் பொறி பெயர்த் தகடு வேண்டும், தினமும் போய்த் திறந்து பார்க்க வேண்டும், தண்ணீர் ஓரத்தில் வைக்கவே கூடாது என்பது விதி. ஊர் முன்னால் அவர் அதற்கெல்லாம் நன்றாகத் தலையாட்டுவார். ஆனால் நீர்நாய்த் தோலுக்கு நல்ல கிராக்கி. ஆசை யாரை விட்டது?

ரோந்துக்குக் கிளம்பிய ஆற்றுக் காவலர் வழியில் எட்டிப் பார்த்தார். பொறிக்காரரின் தங்கை கணவர் அவர்.

"மச்சான், யாரோ தகடு இல்லாம பொறி வைக்கிறானாம். இன்னிக்கு தண்ணி ஓரமா ஒரு சுத்து சுத்தணும்."

"எவனாவது வெளியாளா இருப்பான் மாப்ள," என்றார் இவர், நிமிர்ந்து பார்க்காமலே. பார்த்துப் போங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வெயில் ஏறும் முன்பே ஆற்றுப் பக்கம் கூச்சல் கேட்டது. பொறிக்காரர் ஓடிப் போய்ப் பார்த்தார். நாணல் புதரில் ஒரு பொறி நீர்நாயின் காலைக் கவ்வியிருந்தது. அதை விடுவிக்கக் குனிந்து புல்லில் கை ஊன்றிய காவலரின் மணிக்கட்டை, பக்கத்தில் மறைந்திருந்த இன்னொரு பொறி கவ்வியிருந்தது. நாலு பேர் அந்தப் பொறியின் திருகாணியோடு மல்லுக்கட்டினார்கள். திருகத் திருக அது இறுகியது. காவலர் அலறினார்.

அது அப்படித்தான் இறுகும். அகப்பட்டதை வேறு யாரும் திருடக்கூடாது என்று, எதிர்ப்பக்கம் திருகினால் மட்டுமே திறக்கும்படி செய்து வைத்தவர் பொறிக்காரர்தான். அவருக்கு மட்டுமே அது தெரியும். கையை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அனுமதி போகும், மானம் போகும். கால் நகரவில்லை.

தங்கை தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "எந்தப் பாவி வச்சானோ! அவன் கை அழுகிப் போகட்டும்!" என்று மண்ணை வாரி இறைத்தாள்.

அந்த மண் அண்ணனின் காலில் வந்து விழுந்தது.

"நகருங்க," என்று முன்னே வந்து மண்டியிட்டார். எதிர்ப்பக்கமாக ஒரே திருகு. பொறி வாயைத் திறந்தது. தங்கை பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"நாந்தாம்மா அந்தப் பாவி," என்றார்.

காவலர் ரத்தம் சொட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கோபத்தையும் வலியையும் விழுங்கினார். "முதல்ல அந்த நீர்நாயை விடுங்க மச்சான்."

நீர்நாய் தன் காலைத் தானே பாதி கடித்திருந்தது. மூன்று நாளாகப் பொறிக்காரர் அந்தப் பக்கமே வந்து பார்க்கவில்லை. பொறியைத் திறந்ததும் நொண்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கியது. பொறிக்காரர் சட்டைப் பையிலிருந்த தகடு ஒன்றை எடுத்து, ரத்தம் படிந்த பொறியில் கட்டிக் காவலரிடம் நீட்டினார்.

"எழுதிக்கோங்க மாப்ள. என் பேருலயே எழுதுங்க. மூணு நாளா வந்து பார்க்கல, அதையும் எழுதுங்க."

"எழுதத்தான் போறேன்," என்றார் காவலர். "ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இதுல தகடு இருந்திருந்தா உங்களை உடனே கூப்பிட்டிருப்பாங்க, என் கை இவ்வளவு நசுங்கியிருக்காது. நான் கத்தினேன், ஊரே ஓடி வந்துச்சு. அது மூணு நாளா கத்துச்சே, யார் வந்தா? கத்தினாலும் வர ஆளில்லாத உயிருக்காகத்தான் மச்சான் இந்தச் சட்டமே போட்டிருக்காங்க."