வார்த்தையின் வால்

கிடங்கில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக்கூட்டத் தொடங்கியதற்காக மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த கிண்டல் பெயர். சொல்லிக்கொடுத்தது மகள். இப்போது அவள் கல்லூரி முதல் வருடம். விடுதிக்குப் போய் முப்பத்தோரு நாள்.

பதினொரு மணிக்கு மேல், லாரியில் மூட்டையைச் சரிக்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மகள் செய்தி அனுப்பியிருந்தாள். ரூமில் சண்டையாம். வார்டன் கூப்பிட்டிருக்கிறாராம். நீங்க உடனே வர வேண்டும் என்று படித்தார். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? கையோட கூட்டிட்டு வந்துடுங்க. படிச்ச வரைக்கும் போதும்."

"பார்க்கிறேன்."

"பார்க்கிறதெல்லாம் வேணாம். கூட்டிட்டு வாங்க."

லாரியிலிருந்து இறங்கும் பலகையை மேஸ்திரி மறித்து நின்றார். "பாதி லாரி நிக்குது, எங்கய்யா ஓடுறே வாத்தியாரே?"

"பொண்ணு வரச் சொல்லிருக்குண்ணே."

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். வழியை விட்டார்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். வாசல் காவலாளி, தோளில் படிந்திருந்த சிமெண்ட் தூசியைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்தவர் என்று பின்வாசலைக் காட்டினான். "பொண்ணோட அப்பா" என்றதும்தான் வார்டன் அறையைக் காட்டினான்.

உள்ளே மகளும் இன்னொரு பெண்ணும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது. மேஜையில் ஒரு நோட்டு, நடுவே கிழிந்து கிடந்தது. சிமெண்ட் பைத் தாளை வெட்டி, போன மாதம் அவரே அட்டை போட்டுக் கொடுத்த நோட்டு.

மகள் எழுந்தே விட்டாள். "நீங்க எதுக்குப்பா வந்தீங்க?"

வார்டன் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "பெத்தவங்க வந்ததும் நல்லதுதான். விளக்கை அணைக்கிறதுல தகராறு, இவ உங்க பொண்ணு நோட்டைக் கிழிச்சிருக்கா. புகார் எழுதிக் கொடுங்க. கொடுத்தா இவளை விடுதியை விட்டு அனுப்பிடுவேன்."

"மேடம், நாங்க பேசித் தீர்த்துட்டோம்," என்றாள் மகள்.

"அப்பா சொல்லட்டும்."

வாத்தியாரின் கண் நோட்டிலேயே நின்றது. பேனாவை எடுத்துவிட்டார். ஒரு வரி போதும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டச் சொல்லி மகளை இழுத்துக்கொண்டு போய்விடலாம். அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதாள்.

மகள் தன் போனை அவர் கையில் வைத்தாள். "நான் அனுப்பினதை இன்னொரு தடவை படிங்கப்பா. கடைசி வரைக்கும்."

அறையே காத்திருந்தது. அவர் விரலை வைத்து நகர்த்தினார். உடனே. வர. வே... ண்... டா... ம். அதற்குக் கீழே இன்னொரு வரி: நானே பார்த்துக்கிறேன்.

கிடங்கில் வார்த்தையின் தலையைப் பார்த்தால் போதும். 'சி' என்றால் சிமெண்ட், 'சு' என்றால் சுண்ணாம்பு. மீதியைப் படிக்கிற நேரத்தில் இன்னொரு மூட்டை ஏறிவிடும்.

காது மடல் சுட்டது. பேனாவை மூடி வைத்தார்.

"புகார் ஒண்ணும் இல்லீங்கம்மா. இந்தப் பக்கமா வந்தேன், எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு."

வார்டன் அவர் சட்டையைப் பார்த்தார். "வேலைக்கு நடுவுலயா?"

"மூட்டையை இறக்கி வச்சிட்டுத்தான் வந்தேங்க."

அழுதுகொண்டிருந்த பெண் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வார்டன் தாளை இழுப்பறைக்குள் போட்டார்.

வாசல்வரை மகள் கூடவே வந்தாள். "வாலையும் படிங்கன்னு எத்தனை தடவைப்பா சொல்லியிருக்கேன்?"

"சண்டைன்னு பார்த்ததுமே மீதியை விட்டுட்டேம்மா." கொஞ்ச தூரம் நடந்தார். "அந்த நோட்டு..."

"ஒட்டிக்கலாம். அவதான் பசை வாங்கித் தர்றா."

போன் அடித்தது. மனைவி. மகள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கிளம்பிட்டீங்களா? பெட்டியெல்லாம் எடுத்தாச்சா?"

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ வர வேண்டாம்," என்றார். வால் வரைக்கும், நிறுத்தி.