முதல் குழந்தை என்று சொல்லிவிட்டேன்

நாற்பத்தொரு வயதில், ப்ளஸ் டூ எழுதி முடித்த மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, நான் கர்ப்பமானேன். சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்த என் கணவர் அன்பரசன் கரும்பைத் தின்றுவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

குத்தாலத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், “வணக்கம் டீச்சர்” என்று யாராவது எழுந்து நிற்பார்கள். அதனால் வாயுத் தொல்லை என்று சொல்லிவிட்டு மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினேன். மகள் சுடர்விழி துணைக்கு வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டாள். அவளை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, ஏதோ பெரிய ராஜதந்திரி போல உள்ளே நுழைந்தேன்.

நர்ஸ் ஃபஹ்மிதா என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

“வயசு என்னம்மா?”

“முப்பத்தி நாலு.” தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்தது வீணாகக் கூடாதல்லவா?

“எத்தனாவது குழந்தை?”

“முதல் குழந்தைங்க.” கொஞ்சம் வெட்கமும் பட்டுக் காட்டினேன்.

“முன்னாடி பிரஷர், சுகர் ஏதும் இருந்திருக்கா?”

“ஐயய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“அம்மா பொய் சொல்லுதுங்க.” வாசலில் சுடர்விழி நின்றிருந்தாள். “வாயுத் தொல்லைக்கு யாரும்மா பிரசவ ஆஸ்பத்திரிக்கு வருவா? நான்தாங்க முதல் குழந்தை. ‘ஒன்னப் பெக்கிறப்ப பிரஷர் ஏறி, கை காலெல்லாம் வீங்கி, வலிப்பு வந்து, செத்துப் பொழச்சேன்டி!’ மார்க் கொறஞ்சாலும் இதான் சொல்லும், பாத்திரம் கழுவலன்னாலும் இதான் சொல்லும்.”

இந்த வசனத்தில் நான் வழக்கமாக மூக்கை உறிஞ்சும் இடத்தில் சரியாக அவளும் உறிஞ்சினாள்.

“பொண்ணுக்கு என்ன வயசு?” என்றாள் நர்ஸ்.

“பதினேழு.”

“அப்ப பதினேழு வயசுலயே பெத்தீங்களா?”

பள்ளியில் குழந்தைத் திருமண எதிர்ப்பு உறுதிமொழி வாசிக்கிறவளே நான்தான். “நாப்பத்தொண்ணுங்க” என்றேன்.

ஃபஹ்மிதா சிரிக்கவில்லை. “ஒரு தடவ வலிப்பு வரைக்கும் போனவங்களுக்குத் திரும்ப வரலாம்மா. வயசும் நாப்பதத் தாண்டிருச்சு. இத மறைச்சா ஒங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. நல்லவேளை, மூணாம் மாசத்துலயே தெரிஞ்சுது.”

டாக்டர் தினமும் போட ஒரு சின்ன மாத்திரை எழுதினார். பிரஷரை அடிக்கடி வந்து பார்க்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மகளைத் திட்டத் திட்ட, அந்தப் பிரசவம் எனக்கே வெறும் வசனமாகிப்போயிருந்தது.

திரும்பும் பஸ்சில் சுடர்விழி மெதுவாகக் கேட்டாள்.

“நெசமாவே செத்துப் பொழச்சியாம்மா? சும்மா திட்டுறதுக்குச் சொல்றேன்னு நெனச்சேன்.”

இத்தனை வருடம் கத்திச் சொன்னதை, அன்றைக்கு “ஆமா” என்று மட்டும் சொன்னேன். அவள் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த தடவை நானே உள்ள வந்து எல்லாம் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத.”