இரண்டு ஸ்பேனர் வேலை

புது பேட்டரி போட்டும் பைக் பேசவில்லை. பட்டனை அமுக்கினால் சீட்டுக்கு அடியில் ரிலே மட்டும் 'டிக்' என்றது. ஸ்டார்டர் மோட்டார் அசையவில்லை.

மெக்கானிக்கின் கையிலிருந்த துணி கனத்தது. கோளாறு பேட்டரியில் இல்லையென்றால் வேறெதில் என்பது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாதது போல ரிலேயைத் தட்டிப் பார்த்தார், வயரை ஆட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, வண்டித் துரைக்கு இன்னும் கோபம் தீரலையா?" என்றான் மச்சினன். அவர் மனைவியின் தம்பி. பட்டறை வாசலில் இரண்டு டயர்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பேன்ட்டை மடித்து ஊக்கு குத்தியிருந்தான்.

"மோட்டாரைக் கழட்டணும் மாப்ள."

"கழட்டுங்க. எங்கிட்ட கழட்ட வேண்டியதைத்தான் ஆஸ்பத்திரியிலயே கழட்டிட்டாங்களே."

அவனுக்கு மட்டும்தான் சிரிப்பு வந்தது.

நான்கு மாதத்துக்கு முன் இந்த வண்டியில்தான் மலைக்காட்டுப் பாதைக்குத் தனியாகப் போனான். சரளைக்கல் சறுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்தான். வண்டி கணுக்காலை நசுக்கிவிட்டது. காலை உருவி எடுக்கவே ஒரு மணி நேரம். ஒற்றைக் காலில் நின்று வண்டியை நிமிர்த்திப் பட்டனை அமுக்கினான். 'டிக்.' கிக்கர் இல்லாத வண்டி. ஸ்டார்ட் ஆகியிருந்தால் அரை மணியில் கீழே வந்திருப்பான். இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கால் கறுத்துவிட்டது.

"விழுந்ததும் சாவியை ஆஃப் பண்ணியிருக்கணும். பயத்துல மறந்துட்டேன். லைட் எரிஞ்சே பேட்டரி செத்துப் போச்சு" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவனே சொன்னான். அவன் அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் சாதத்தோடு சேர்த்து அந்தச் சாவியையும் பரிமாறுகிறாள்.

வண்டியை விற்றாகிவிட்டது. இன்று சாயங்காலம் எடுத்துப்போக ஆள் வருகிறது. தள்ளிக்கொண்டு போகக் கூடாது, ஓடித்தான் போக வேண்டும் என்பது மச்சினனின் பிடிவாதம்.

மெக்கானிக் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றினார். மோட்டாரின் தலையிலிருந்த ரப்பர் மூடியை உரித்து, கேபிளைப் பிடித்திருந்த நட்டை இளக்கினார். பிறகு நீளமான போல்ட் இரண்டு. அந்த ஓடையின் சேறு பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. மோட்டார் லேசில் வரவில்லை. ரப்பர் வளையம் உள்ளே கவ்விக்கொண்டிருந்தது. இடதும் வலதுமாக ஆட்டி இழுத்தார். ஒரு சொட்டு எண்ணெயோடு வெளியே வந்தது. உள்ளங்கை அளவு. ஒரு காலை எடுத்த சாமான் இவ்வளவுதானா என்றிருந்தது.

"கிளம்புறதுக்கு முந்தின நாள் நீங்க கார்பன் பிரஷ் மாத்தினது இதுலதானே மாமா?"

"இதுலதான்."

அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேபிள் நட்டை முறுக்க இரண்டு ஸ்பேனர் வேண்டும். அடி நட்டை ஒன்றால் பிடித்து, மேல் நட்டை மற்றதால் முறுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் திருகாணியே சுழன்று, உள்ளே இருக்கும் செம்புப் பின்னலை முறித்துவிடும். இருபது வருடமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவர் சொல்லும் பாடம் அது. அன்று அவர் இடது கையில் டீ கிளாஸ் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தவன் மச்சினன். "சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க மாமா" என்றும் சொன்னான்.

மோட்டாரின் பின்மூடியைத் திறந்தார். செம்புப் பின்னல் திருகப்பட்டு, வேரோடு அறுந்து கிடந்தது. ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்து, வண்டி விழுந்த அதிர்ச்சியில் அதுவும் போயிருக்கிறது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவனுக்கு என்ன தெரியப்போகிறது? அவர் மோட்டாரை அவன் மடியில் வைத்தார்.

"சாவி இல்ல மாப்ள. நான்தான். ஒத்தை ஸ்பேனர்ல முறுக்கிட்டேன்."

மச்சினன் அறுந்த நுனியை விரலால் தொட்டான். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தான்.

"ஊதினாலே பறந்துடுற மாதிரி இருக்கு" என்றான். பிறகு, "அக்காகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லணும்டா."

"என்னைத் திட்டுவா, ராத்திரி தட்டுல ரெண்டு கரண்டி கூடப் போடுவா. உங்களைத் திட்ட மாட்டா மாமா. பேச்சையே நிறுத்திடுவா. அப்புறம் நான் எந்த வீட்டுல உட்கார்ந்து சாப்பிடுறது?" மோட்டாரை அவர் பக்கம் நீட்டினான். "மாட்டுங்க. ஆள் வந்துடும்."

அவர் பின்னலைப் பற்றவைத்தார், மோட்டாரை மாட்டினார். இரண்டு ஸ்பேனரால் முறுக்கினார். பட்டனை அமுக்கினார்.

ஒரே அமுக்கு. வண்டி உறுமி எழுந்தது. மச்சினன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சத்தம் கேட்டு அவர் மனைவி ஈரக்கையோடு பட்டறைக்கு ஓடிவந்தாள். "பேட்டரி போட்டதும் ஓடுது பாரு! ஒரு சாவி! ஒரே ஒரு சாவியைத் திருப்பியிருந்தா..."

"ஆமாக்கா. புத்தி கெட்டுப் போச்சு" என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடியே.

அவள் கணவரைப் பார்த்தாள். "ஸ்டார்ட் ஆயிடுச்சுல்ல, நிறுத்துங்களேன். என்னவோ சொல்ல வர்ற மாதிரி இருக்கீங்க?"

மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் திருகினார். புகை பட்டறையை நிறைத்தது. அவள் ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை.